எம்ஜிபிக்கு எந்த ஏர் ஃபில்டர் போடலாம்? தகர டப்பா, காட்டன், ஃபோம், குரோம்: நாலையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்

இங்கிலாந்துல பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கின நம்ம ஆளுங்க முதல் ஆறு மாசத்துக்குள்ள எப்படியும் கேட்டுடுற கேள்வி இது. கார்புரேட்டர் வாய்ல இருக்கிற அந்தக் கறுப்பு தகர டப்பா ரெண்டையும் கழட்டிட்டு பளபளன்னு வட்டமா வர்ற ஃபில்டரை மாட்டலாமா, இல்ல பழையதுலயே புது பேப்பரைப் போட்டு ஓட்டலாமா? கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு, கிளப்ல இருக்கிற பெரியவர் வேற சொல்றாரு, யூட்யூப்ல ஒருத்தர் மூணாவதா ஒண்ணு சொல்றாரு, கேக்கிறவர் குழம்பிப்போய் நிக்கிறாரு.

நான் சொல்லப்போறது ட்வின் எஸ்யூ கார்புரேட்டர் (எஸ்யூங்கிற கம்பெனியோட ரெண்டு கார்புரேட்டர்) இருக்கிற 1798 சிசி வண்டிக்கு மட்டும்தான். அமெரிக்காவுக்கு 1975 வாக்கில இருந்து போன வண்டில ஒரே ஒரு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்தான் இருக்கும், வி8 ஜிடியோட ஏற்பாடே தனி, அதனால அந்த ரெண்டையும் இதுல சேர்க்கல. உங்க வண்டில இருக்கிற எஸ்யூ எச்எஸ்4 மாடலா எச்ஐஎஃப்4 மாடலானு முதல்ல பாருங்க. பெட்ரோல் தேங்கி நிக்கிற ஃப்ளோட் சேம்பர் பக்கவாட்டுல தனியா தொங்கினா எச்எஸ்4, கார்புரேட்டர் உடம்புக்கு அடியிலயே சேர்ந்து இருந்தா எச்ஐஎஃப்4, பிரிட்டன் வண்டிங்கள்ல 1970கள் முதல் பாதியில மாறுச்சு. வாங்கும்போது இதைச் சொல்லியே வாங்கணும், "எம்ஜிபிக்கு ஒரு ஜோடி குடுங்க"ன்னு மட்டும் சொன்னா மாத்தி வந்துடும்.

## எதை வச்சு முடிவு பண்றது

நிறைய பேர் பவர்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. என் கணக்குல அது கடைசியா வரவேண்டியது. வரிசை இப்படி இருக்கணும்:

தூசி. ரோட்டுப் புழுதில இருக்கிற மணல் துகள் இரும்பைவிடக் கடினம். அது உள்ள போனா ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும், மிச்சம் ஆயில்ல கலந்து பேரிங்கைத் தின்னும். எஞ்சின் ரீபில்ட் பண்ற காசுல எத்தனை ஜோடி ஃபில்டர் வாங்கலாம்னு யோசிச்சுப் பாருங்க.

மிக்சர், அதாவது பெட்ரோலும் காத்தும் கலக்கிற விகிதம். எஸ்யூ கார்புரேட்டர் ஃபில்டரையும் சேர்த்துதான் ட்யூன் ஆகியிருக்கும். இதை யாரும் கடையில சொல்ல மாட்டாங்க, கீழ விவரமா எழுதறேன்.

காத்து ஓட்டம். எவ்வளவு காத்து வேணும்னு நாமளே கணக்குப் போடலாம். எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை 1.8 லிட்டர் இழுக்குது. 95 குதிரை சக்தி வர்ற 5,400 ஆர்பிஎம்ல அது நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 4,850 லிட்டர், நிஜத்துல சிலிண்டர் முழுசா நிரம்பாது, 80 சதவீதம்னு வச்சா 3,900 லிட்டர், ஃபில்டர் ரெண்டு இருக்கிறதால ஒண்ணுக்கு 1,950 லிட்டர். இது ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு அந்த வேகத்துல ஓட்டினாதான். மோட்டார்வேல ஓவர்டிரைவ் போட்டு 70 மைல் வேகத்துல போகும்போது எஞ்சின் 3,100 சொச்சத்துலதான் சுத்தும், த்ராட்டிலும் பாதிகூட திறந்திருக்காது. அப்ப ஃபில்டர் தடுக்குதுங்கிற பேச்சுக்கே இடமில்ல.

வேலையும் செலவும். வாங்குற விலை மட்டும் இல்ல, கழுவுற கிட், ஆயில், நீடில் (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற ஊசி), ட்யூனிங்குக்குப் போற நேரம் எல்லாம் சேர்த்து.

சத்தமும் அழகும் கடைசில வரும், ஆனா வரும். இது ஆசைக்கு வச்சிருக்கிற வண்டி, பானெட்டைத் திறந்தா பார்க்க நல்லா இருக்கணும்னு நினைக்கிறதுல தப்பே இல்ல.

## மிக்சர் விஷயத்தை முதல்ல புரிஞ்சுக்கணும்

எஸ்யூல ஃப்ளோட் சேம்பர்ல இருக்கிற பெட்ரோல் மேல வெளிக்காத்தோட அழுத்தம் இருக்கு. பெட்ரோல் வெளிய வர்ற துவாரம், அதாவது ஜெட், இருக்கிற இடத்துல அழுத்தம் குறைவு. இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை மேல இழுக்குது. ஃபில்டர் அடைச்சா ஜெட் பக்கம் அழுத்தம் இன்னும் குறையும், பெட்ரோல் கூடுதலா வரும், மிக்சர் ரிச் ஆகும். ஃபில்டரை எடுத்துட்டு காத்து தாராளமா போற ஒண்ணைப் போட்டா அப்படியே தலைகீழ், பெட்ரோல் குறைஞ்சு லீன் ஆகும். லீன்னா சூடு, சூடுன்னா வால்வுக்குக் கேடு.

இதுக்கு மேல இப்ப இன்னொண்ணும் சேர்ந்துக்கிச்சு. 2021 செப்டம்பர்ல இருந்து பிரிட்டன் பம்புல சாதாரண பெட்ரோல் ஈ10. அதுல 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கு, எத்தனால்ல ஆக்சிஜன் உள்ளயே இருக்கிறதால அதே ஜெட், அதே நீடில் வச்சு ஓட்டினா மிக்சர் கொஞ்சம் லீன் பக்கம் சாயும். அதுகூட தாராளமான ஃபில்டரும் சேர்ந்தா ரெண்டும் ஒரே திசையில தள்ளுது. பழைய வண்டிக்கு சூப்பர் பெட்ரோல் ஈ5 போடச் சொல்றது ரப்பர் குழாய்க்காக மட்டும் இல்ல, இதுக்கும்தான்.

ஐடில்ல மிக்சர் எப்படி இருக்குனு பார்க்க ஒரு எளிய வழி இருக்கு. எஞ்சின் நல்லா சூடானப்புறம் கார்புரேட்டருக்கு அடியில இருக்கிற சின்ன பின்னை மேல தள்ளுங்க, கார்புரேட்டருக்குள்ள இருக்கிற பிஸ்டன் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியாதான் ஏறணும். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்னா ரிச். உடனே திணறி நிக்கப்பார்த்தா லீன். லேசா ஒரு துள்ளு துள்ளிட்டு பழையபடி ஆனா சரியா இருக்கு. எச்எஸ்4-ல அடியில இருக்கிற ஜெட் நட்டை ஒரு பட்டை, அதாவது ஆறுல ஒரு சுத்து, திருப்பி மறுபடி பார்க்கணும். கீழ் இறக்கினா ரிச், மேல ஏத்தினா லீன்.

ஆனா இது ஐடிலை மட்டும்தான் சொல்லும். மூணாவது கியர்ல முழுசா மிதிச்சு ஏறும்போது என்ன நடக்குதுனு நீடிலோட வடிவம்தான் தீர்மானிக்கும். 1960கள் வண்டி நிறையத்துல 5-ம் நம்பர் நீடில், அதுக்கு ரிச்சான மாத்து 6-ம் நம்பர். தாராள ஃபில்டர் போட்டா நீடில் மாத்தவேண்டி வரலாம், வராமலும் போகலாம், எக்ஸாஸ்ட்ல ஆக்சிஜனை அளக்கிற லாம்ப்டா சென்சார் வச்சு ஓட்டிப் பார்த்தாதான் தெரியும். ரோலிங் ரோடு (வண்டியை நின்ன இடத்துலயே உருளை மேல ஓட்டி அளக்கிற மெஷின்) இருக்கிற, எஸ்யூ தெரிஞ்ச ஆளைப் பிடிங்க. ஃபில்டர் விலையைவிட அந்தச் செலவு அதிகமாவே இருக்கும், அதையும் சேர்த்துதான் கணக்குப் பார்க்கணும்.

## ஒரே பார்வையில

| | ஒரிஜினல் டப்பா + பேப்பர் | ஆயில் போட்ட காட்டன் | ஆயில் போட்ட ஃபோம் | மலிவு குரோம் வட்டம் |
|---|---|---|---|---|
| தூசி பிடிக்கிறது | ரொம்ப நல்லது | நல்லது, ஆயில் இருந்தா | நல்லது, ஆயில் இருந்தா | மோசம் |
| மிக்சர் | ஃபேக்டரி செட்டிங் அப்படியே | சரிபார்க்கணும் | சரிபார்க்கணும் | சரிபார்க்கணும் |
| பராமரிப்பு | 12,000 மைலுக்கு ஒரு தடவை மாத்து | கழுவி ஆயில் போடு | கழுவி ஆயில் போடு, வயசானா மாத்து | தூக்கிப்போடு |
| சத்தம் | அமைதி | உறுமல் | உறுமல் | உறுமல் |
| முதல் செலவு | டப்பா இருந்தா மிகக் குறைவு | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| யாருக்கு | ரோட்டுல ஓட்டுறவங்க | டப்பா தொலைஞ்சவங்க, எஞ்சின் மாத்தினவங்க | ராலி, புழுதி ரோடு போறவங்க | யாருக்கும் வேணாம் |

## ஒரிஜினல் டப்பாவும் பேப்பரும்

அபிங்டன் ஃபேக்டரில இருந்து 1962-ல வண்டி வந்தப்ப இதுதான் இருந்துச்சு. பார்க்க சுமாரா இருக்குங்கிறதைத் தவிர இதுமேல நியாயமா ஒரு குறையும் சொல்ல முடியாது. மடிச்சு மடிச்சு வச்ச பேப்பர், விரிச்சா பரப்பளவு நிறைய. பேப்பர்ல ஒரு நல்ல குணம், கொஞ்சம் தூசி படிஞ்சப்புறம் அது இன்னும் பொடியான தூசியையும் பிடிக்கும், அந்தப் படலமே ஃபில்டரா வேலை செய்யுது. டப்பாவோட மூக்கு சத்தத்தையும் அடக்கும்.

மறைஞ்சிருக்கிற செலவு எங்கனா, பேப்பரோட தரத்துல. இப்ப வர்ற சில எலிமென்ட் உயரம் ஒரு மில்லிமீட்டர் குறைவா வருது, டப்பா மூடினா ரெண்டு முனையும் அழுந்தி உட்காராது, காத்து பேப்பரைச் சுத்திக்கிட்டு நேரா உள்ள போயிடும். புதுசு வாங்கினா பழசுக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சு உயரம் பாருங்க. மூடும்போது ரப்பர் வளையம் முழு வட்டமும் அழுந்துதானு பாருங்க. இன்னொண்ணு, பேப்பர் நனைஞ்சா வலு போயிடும், ஆயில் ஆவி பட்டா அடைச்சுக்கும். எஞ்சின்ல ரிங் தேஞ்சு பிரீதர் (எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவி வெளியேறுற குழாய்) வழியா ஆயில் புகையுதுன்னா பேப்பர் சீக்கிரமே கறுத்துடும், அப்ப தப்பு ஃபில்டர்ல இல்ல.

பிரீதரைப் பத்தி சொல்லியாகணும். 1962-63 வண்டில ராக்கர் கவர்ல இருந்து வர்ற குழாய் முன்பக்க ஃபில்டர் டப்பாவுலதான் சேருது. அந்த டப்பாவைக் கழட்டினா குழாய் அனாதையா தொங்கும். அடைச்சுட்டா கிராங்க்கேஸ்ல அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியா கசியும், சும்மா விட்டா பானெட்டுக்குள்ள ஆயில் புகை. அதுக்கு அப்புறம் வந்த வண்டில பிரீதரை மேனிஃபோல்டு வால்வுக்கோ கார்புரேட்டருக்கோ கொண்டுபோயிட்டாங்க, ஆனா அங்கயும் ஒரு குட்டி ஃபில்டர் இருக்கு, பாதி பேருக்குத் தெரியாது. வால்வு இருக்கிற வண்டியோட ஆயில் ஊத்துற மூடிக்குள்ளயே ஃபில்டர் இருக்கு, 12,000 மைலுக்கு ஒரு தடவை மூடியையே மாத்தணும். ஏர் ஃபில்டர் மாத்துற அன்னைக்கே அதையும் மாத்திடுங்க.

எப்ப இதுதான் சரி: எஞ்சின் ஸ்டாண்டர்டா இருக்கு, டப்பா ரெண்டும் துருப்பிடிக்காம இருக்கு, ஞாயித்துக்கிழமை கிராமத்து ரோட்டுல ஓட்டுறீங்கன்னா இதைவிட நல்ல வழி கிடையாது. அறுவடை சமயத்துல டிராக்டர் கிளப்புற புழுதியில பின்னாடியே போனவங்களுக்குத் தெரியும்.

## ஆயில் போட்ட காட்டன்

கே அண்ட் என்னோட பேர் இதுலதான் பிரபலம். கலிஃபோர்னியால ஆரம்பிச்ச கம்பெனி. அலுமினிய வலைக்கு நடுவுல நாலஞ்சு அடுக்கு பருத்தித் துணி, அதுல ஒட்டுற மாதிரி ஆயில். தூசியைப் பிடிக்கிறதுல பாதி வேலை அந்த ஆயிலோடது. ஆயில் காஞ்சுட்டா அது வெறும் துணி.

புது வண்டிகள்ல இதைப் பத்தி பெரிய பயம் ஒண்ணு உண்டு, ஆயில் போய் ஏர் ஃப்ளோ சென்சார்ல படிஞ்சிடும்னு. எம்ஜிபில அந்த சென்சாரே கிடையாது, அதனால அந்தக் கவலை வேணாம். ஆயில் அளவா இருந்தா போதும்.

இங்க வர்ற சிக்கல் வேற மாதிரி. வட்ட ஃபில்டர்ல ரெண்டு ஆழம் கிடைக்கும், தட்டையா ஒண்ணு, உயரமா ஒண்ணு. தட்டையானதை வாங்காதீங்க. கார்புரேட்டர் வாய்க்கு முன்னாடியே மூடி வந்து முட்டிக்கிட்டு நிக்கும், காத்து பக்கவாட்டுல வந்து சட்டுனு திரும்பி உள்ள நுழையணும். ஆழமானதா வாங்கி, கார்புரேட்டர் வாய்ல வளைஞ்ச ஓரம் இருக்கிற ஸ்டப் ஸ்டாக் ஒண்ணை மாட்டினா காத்து வழுக்கிக்கிட்டு உள்ள போகும். ஃபில்டர் மாத்தினதால பவர் வந்துச்சுன்னு சொல்றவங்க நிறைய பேருக்கு உண்மையில உதவுனது இந்த வளைஞ்ச ஓரமும் கூடவே பண்ணின ட்யூனிங்கும்தான்.

அடுத்து வெப்பம். எம்ஜிபியோட பி சீரிஸ் எஞ்சின்ல இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், இடது பக்கம். கார்புரேட்டர் ரெண்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலயே உட்கார்ந்திருக்கு, நடுவுல ஒரு ஹீட் ஷீல்டு தகடு. வட்ட ஃபில்டர் எல்லாப் பக்கமும் திறந்திருக்கிறதால கொதிக்கிற காத்தையே சுத்திவர இழுக்கும். சூடான காத்து இளசா இருக்கும், அதனால திறந்த ஃபில்டர் குடுக்கிற லாபத்துல ஒரு பங்கை வெப்பம் திருப்பி எடுத்துக்கும். ஹீட் ஷீல்டு கழண்டு போயிருந்தா, அதுல இருந்த இன்சுலேஷன் உதிர்ந்திருந்தா, ஃபில்டருக்கு முன்னாடி அதைச் சரி பண்ணுங்க.

கழுவுறதும் ஒரு கலை. கிளீனர் அடிச்சு ஊற விட்டு, உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமா மெதுவான தண்ணில அலசணும். கம்ப்ரஸர் காத்து அடிக்கக்கூடாது, ஹேர் டிரையர் கூடாது, தானா காயணும். காய்ஞ்சப்புறம் மடிப்பு மடிப்பா ஆயில் போட்டு ஊற விட்டு, வெளுத்த இடம் தெரிஞ்சா அங்க மட்டும் இன்னும் கொஞ்சம். ஆகக்கூடி ஒரு சாயங்காலம் வண்டி நிக்கும். இதைப் பண்ற பொறுமை இல்லாதவங்க பேப்பர்லயே இருக்கிறது நல்லது.

எப்ப இது சரி: ஒரிஜினல் டப்பா தொலைஞ்சு போச்சு, இல்ல எஞ்சின்ல கேம் மாத்தி, ஹெட்ல வேலை பார்த்து, எப்படியும் ரோலிங் ரோடு போகப்போறீங்க. அப்ப ஃபில்டரை முதல்ல மாட்டிட்டுப் போங்க. ட்யூன் பண்ணிட்டு வந்து ஃபில்டர் மாத்தினா குடுத்த காசு வீண்.

## ஆயில் போட்ட ஃபோம்

பைப்பர்கிராஸ், ஐடிஜி மாதிரி கம்பெனிகளோடது. காட்டனுக்குச் சொன்ன மிக்சர், வெப்பம், ஆழம் எல்லாம் இதுக்கும் பொருந்தும், திரும்ப எழுதலை. வித்தியாசம் ரெண்டுதான். ஃபோம் தன்னோட முழு கனத்துலயும் தூசியைப் பிடிச்சு வைக்கும், அதனால புழுதி அதிகமான இடத்துல சீக்கிரம் அடைக்காது, ராலி போறவங்க விரும்புறதுக்கு இதுதான் காரணம். ஆனா ஃபோமுக்கு வயசு உண்டு. வருஷக்கணக்குல வெப்பத்துலயும் பெட்ரோல் ஆவியிலயும் இருந்தா பிசுபிசுத்து உதிர ஆரம்பிக்கும், உதிர்ந்த துணுக்கு போற இடம் கார்புரேட்டர்தான். குளிர்காலம் முழுக்க மூடி வச்ச வண்டியை வசந்தத்துல எடுக்கும்போது ஃபோமை விரலால அழுத்திப் பாருங்க, திரும்ப எழும்பாம குழியாவே நின்னா, கையில துகள் ஒட்டினா, அன்னைக்கே மாத்திடுங்க.

டைமிங் தப்பா இருந்து கார்புரேட்டர் வழியா தீ துப்புற வண்டிக்கு ஃபோம் வேணவே வேணாம். பெட்ரோல்ல நனைஞ்ச ஃபோம் என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. எந்த ஃபில்டரா இருந்தாலும் முதல்ல அந்தக் கோளாறைச் சரி பண்ணணும்.

## மலிவு குரோம் வட்டம்

ஆட்டோஜம்பிள், அதாவது பழைய கார் பார்ட்ஸ் சந்தை, மேசையில ஜோடியா கிடைக்கும், பார்க்க அழகு, விலையும் கம்மி. உள்ள இருக்கிறது ஒரு கம்பி வலையும் மெல்லிசா ஒரு ஃபோம் பட்டையும். கல்லைத் தடுக்கும், இலையைத் தடுக்கும், எஞ்சினைத் தேய்க்கிற பொடித் தூசியைத் தடுக்காது. அடித்தட்டு மெல்லிசா இருக்கிறதால போல்ட்டை இறுக்கினா வளைஞ்சு ஓரத்துல இடைவெளி விழும். கண்காட்சிக்கு லாரில ஏத்திட்டுப் போற வண்டிக்கு வேணா வச்சுக்கலாம், ஓடுற வண்டிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஃபில்டரே இல்லாம வெறும் ட்ரம்பெட்டோட (கார்புரேட்டர் வாய்ல மாட்டுற திறந்த புனல்) ரோட்டுல ஓட்டுறவங்களுக்கும் இதேதான்.

## எதை வாங்கினாலும் மாட்டும்போது பார்க்க வேண்டியது

எஸ்யூவோட வாய் ஃபிளேஞ்ச்ல, அதாவது ஃபில்டர் வந்து உட்கார்ற விளிம்புல, போல்ட் ஓட்டை தவிர சின்ன ஓட்டை இருக்கும். அது அலங்காரத்துக்கு இல்ல. பிஸ்டனோட அடிப்பக்கத்துக்கு காத்து போறது அந்த வழியாத்தான், அது இருந்தாதான் பிஸ்டன் ஏறும். கேஸ்கெட்டைத் தலைகீழா போட்டாலோ, வேற கார்புரேட்டருக்கான அடித்தட்டை மாட்டினாலோ அது மூடிக்கும். மூடினா ஐடில் நல்லாவே இருக்கும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது. ரோட்டுல மிதிச்சதும் வண்டி திணறும், கறுப்புப் புகை வரும். ஆளுங்க பெட்ரோல் பம்ப், காயில், டிஸ்ட்ரிபியூட்டர்னு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போவாங்க. ஃபில்டர் மாத்தின அடுத்த நாள் வண்டி மேல ஏற மாட்டேங்குதுன்னா முதல்ல கழட்டிப் பார்க்க வேண்டியது அந்த கேஸ்கெட்தான். மாட்டுறதுக்கு முன்னாடியே கேஸ்கெட்டை ஃபிளேஞ்ச் மேல வச்சு, ஓட்டைக்கு நேரா ஓட்டை வருதா, அடித்தட்டுலயும் அதே இடத்துல வழி இருக்கா, ஸ்டப் ஸ்டாக்கோட விளிம்பு அதை மறைக்குதானு மூணையும் பாருங்க.

மாட்டி முடிச்சப்புறம் ஃபில்டருக்கு உள்பக்கம், கார்புரேட்டர் வாய்க்குக் கிட்ட, அடித்தட்டுல கிரீஸை மெல்லிசா ஒரு பூச்சு பூசி விடுங்க. நூறு இருநூறு மைல் ஓட்டிட்டு கழட்டி, விரல்ல எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பாருங்க. வழவழன்னு இருந்தா ஃபில்டர் வேலை செய்யுது. நறநறன்னு இருந்தா எங்கயோ ஓரத்துல காத்து உள்ள நுழையுது, அதைக் கண்டுபிடிச்சு அடைக்கிற வரைக்கும் அந்த வண்டியை வெளிய எடுக்காதீங்க.